நூற்றியெண்பது கிரெய்ன் ஆர்மஸ்

தோட்டாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, காதோரம் கொண்டுபோய் மெல்ல ஆட்டுகிறார் ஆர்மஸ் கெட்டோலா. தேங்காய் வாங்க வந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்கிறார். உள்ளே வெடிமருந்து சலசலக்கிறது. பிடித்திருந்தால் பெட்டியில் செருகுவார், இல்லையென்றால் மறுபடியும் ஆட்டுவார். "அப்படி என்னதான் கேக்குது?" என்று ஒருமுறை கேட்டேன். "முழிச்சிருக்கா தூங்குதான்னு பாக்குறேன் வாத்தியாரே. தூங்குற தோட்டாவைக் காட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்ய?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் எப்போது கேலி பேசுகிறார், எப்போது நிஜமாகப் பேசுகிறார் என்று அவர் மனைவி நோர்மாவுக்கே இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை.

இதெல்லாம் அவர் வீட்டு நிலவறையில், அக்டோபர் சனிக்கிழமைகளில் நடக்கும். பக்கத்தில் கொதிகலன் உறுமிக்கொண்டிருக்கும். மேலே கொடியில் கம்பளிக் காலுறைகள் காயும். மேசையில் ஒரு சின்னத் தராசு, பித்தளைக் கூடுகள், கூட்டுக்குள் குண்டை அமுக்கி உட்காரவைக்கும் நெம்புகோல், ஆறிப்போன காப்பி. கடைத் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "யாரோ ஊர் பேர் தெரியாத மிஷின் போட்டது. அதை நம்பி ஒரு மானை எப்படிச் சுடறது?" என்பார். நான் இப்போது மகள் வீட்டோடு தெற்கே வந்துவிட்டேன். இங்கே நவம்பரில் பனிக்குப் பதில் மழை பெய்கிறது. மழைச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நிலவறையின் எண்ணெய் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறுகிறது. ஏக்கமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

மற்ற நாட்களில் ஆர்மஸ் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி புரண்டு வந்து விழும் மிச்சிகனின் வடகோடி எங்களுடையது. விடியுமுன் அவர் வண்டி எங்கள் தெருவைக் கடந்தால்தான் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று வாத்தியார்களான எங்களுக்கே தெரியும். அந்த வண்டியில் கற்றுக்கொண்ட ஒரே தத்துவத்தை அவர் வாழ்க்கை முழுக்கப் பூசிக்கொண்டார். லேசான வண்டி வழுக்கும், கனமான வண்டி தள்ளும். ஆகவே அவர் பூட்ஸ் கனம், காப்பிக் கோப்பை கனம், நோர்மா சுடும் ஏலக்காய் ரொட்டி கனமாக இல்லையென்றால் "இது என்ன, பஞ்சா?" என்று கேட்பார். குண்டு மட்டும் விதிவிலக்காகுமா?

ரைஃபிள் குண்டின் எடையைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். ஒரே துப்பாக்கியில் நூற்றிருபத்தைந்தும் போடலாம், நூற்றைம்பதும் போடலாம், நூற்றியெண்பதும் போடலாம். லேசானது வேகமாகப் போகும், தோளில் உதை குறைவு. கனமானது கொஞ்சம் நிதானமாகப் போனாலும் தோள் எலும்பை உடைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வரும். மான் அதிக தூரம் ஓடாது, ஓடினாலும் பனியில் ரத்தம் வழிகாட்டும். எது நல்லது என்று எங்கள் ஊரில் கேட்டால் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசுவார்கள். ஆர்மஸிடம் கேட்டால் ஒரே பதில்தான். நூற்றியெண்பது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே அதுதான். "நூத்தியெண்பது வந்தாச்சா?" என்றுதான் சாப்பாட்டுக் கடையில் கேட்பார்கள்.

வேட்டைப் பருவத்துக்கு முன் இரும்புக்கடையில் தோட்டா அலமாரிக்குப் பக்கத்தில் அவரைப் பார்க்கலாம். வாங்க வந்தவர் அல்ல, காவல் நிற்பவர். யாராவது ஒரு பெட்டியை எடுத்தால் போதும். "எங்க உக்காருவே? சதுப்புக் காட்டுலயா, வெட்டவெளியிலயா?" என்பதுதான் முதல் கேள்வி. துப்பாக்கி என்ன என்பது அப்புறம். சதுப்பு என்றால் கையிலிருக்கும் பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துத் திணிப்பார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் இவர் பேச்சைக் கேட்காமல் நூறு கிரெய்ன் வாங்கிப்போய், முதல் நாளே ஒரு கொம்பு மானைச் சாய்த்துவிட்டாள். செய்தி கேட்டு ஆர்மஸ் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "அந்த மானுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாம இருந்திருக்கும்" என்றார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்வார். "ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு இருக்கு. ஒண்ணுக்குப் பிடிச்சது இன்னொண்ணுக்குப் பிடிக்காது." ஒரு எடைக்குக் குறிபார்த்துச் சரிசெய்த துப்பாக்கியில் வேறு எடையைப் போட்டால் குண்டு வேறெங்கோ போகும். அதனால் பருவத்துக்கு முன் ஒவ்வொருவரும் சரளைப் பள்ளத்துக்குப் போய், எந்தத் தோட்டாவால் வேட்டையாடப் போகிறார்களோ அதைச் சுட்டுப் பார்த்து, துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவியைத் திருகிச் சரிசெய்து வைக்கவேண்டும். இதில் மட்டும் அவர் விளையாட மாட்டார்.

எங்கள் கேம்ப் என்பது தேவதாருக் காட்டுக்குள் ஒரு மரவீடு. நாலு பேர். ஆர்மஸ், நோர்மாவின் அண்ணன் ஜில்டோ, மரம் அறுக்கும் ஆலையில் இருந்த எல்டன், அப்புறம் நான். எனக்குச் சுடத் தெரியாது. அடுப்பும் பாத்திரமும் என் பொறுப்பு. ஜில்டோ தபால்காரர், காற்றில் பறக்கிற மாதிரி நடப்பார். அவர் நூற்றைம்பதின் பக்கம். ஒரே மாதிரி துப்பாக்கி இரண்டு பேருக்கும், ஒரே கடையில் ஒரே வருஷம் வாங்கியது. அப்படியும் ஒவ்வொரு நவம்பரும், பருவம் தொடங்குவதற்கு முந்திய சாயங்காலம், சவுனா என்கிற நீராவி அறையில் வேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்கள்.

"நூத்தம்பதுல என்னடா குறை? வேகமாப் போகுது, நேராப் போகுது, மான் விழுது."

"எங்க விழுது? ஓடி ஓடிக் களைச்சுப்போய் விழுது. நீ தேடிட்டு வர்றதுக்குள்ள வாத்தியார் செஞ்ச சூப்பு ஐஸாயிடுது."

"உன் நூத்தியெண்பது காட்டெருமைக்குச் செஞ்சது மச்சான். மான் அதைப் பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிற மான் ஒரே இடத்துல நிக்கும். சுடறதுக்கு வசதி."

வருஷா வருஷம் இதே வசனம். யாராவது ஒரு வரியை விட்டுவிட்டால் எல்டன் எடுத்துக்கொடுப்பார். ஈரக் கம்பளி வாடை, அடுப்பில் வெடிக்கும் விறகு, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்ட்டியை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பாய்வது. சண்டை முற்றி ஒருநாள் கைகலப்பில் முடியுமோ என்று முதல் வருஷம் பயந்தேன். பிறகு அந்தச் சண்டை இல்லாத நவம்பரை நினைத்துத்தான் பயந்தேன்.

கேம்பில் ஒரு சுவர் உண்டு. குறி தவறியவரின் சட்டைப் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி அங்கே ஆணியடிப்பது சட்டம். கட்டம் போட்டது, கோடு போட்டது, சாயம் போனது என்று சுவர் முழுக்கத் துணி. எல்டனுடையதை வைத்து ஒரு போர்வையே தைக்கலாம். ஆர்மஸுடையதும் சிலது தொங்கும். ஜில்டோவுடையது ஒன்றுகூடக் கிடையாது. அதில் அந்த மனிதருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. சட்டை வாலை வேண்டுமென்றே வெளியே தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் முன்னால் திரும்பித் திரும்பி நடப்பார். "பாத்துக்கோங்கடா, கத்தரி படாத சட்டை!"

அடுப்போரம் ஒரு ஆடும் நாற்காலியும் இருந்தது. முன்பு எங்களோடு வந்துகொண்டிருந்த எல்டனின் அண்ணனுக்கு முழங்கால் போன வருஷம், "நீ இங்கயே இரு, நெருப்பைப் பாத்துக்கோ" என்று அன்பாகத்தான் சொன்னோம். அவர் இரண்டு பருவம் அதில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் வரவேயில்லை. யாரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை, ஆனால் பூட்ஸ் நாடா கட்டக்கூட ஆர்மஸ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் வண்டிப் படியில் பனி உறைந்து கிடந்ததைக் கவனிக்காமல் ஆர்மஸ் வழுக்கி விழுந்தார். வலது தோளில் தசைநார் கிழிந்து, அறுவை நடந்தது. நோர்மா சமையலறையில் என் முன்னாலேயே சட்டமாகச் சொன்னாள். "டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா? இனிமே அந்தக் கழுதை உதை வாங்கினீங்கன்னா உங்களுக்குச் சட்டை போட்டுவிட நான் இல்ல." ஆர்மஸ் கனமான கோப்பையை இடது கையால் தூக்கிக் காப்பி குடித்தார்.

அந்த அக்டோபரில் என்னைத்தான் வண்டி ஓட்டச் சொல்லிச் சரளைப் பள்ளத்துக்குப் போனார். வழக்கமான நூற்றியெண்பதை ஒன்றே ஒன்று சுட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் நீர். "குளிரு" என்றார். குளிரே இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை தோட்டாக்கள் வேறு. அவருடைய பழைய குண்டுகளின் முனை மழுங்கலாக இருக்கும், இவை பென்சில் சீவிய மாதிரி கூர். நூற்றிருபத்தைந்து கிரெய்ன், மருந்தும் பாதிதான். துப்பாக்கி அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததோடு சரி. ஆனால் வேகமில்லாத குண்டு குறி அட்டையில் ஒரு சாண் கீழே போய் விழுந்தது. சத்தமில்லாமல் குறியைத் திருகித் திருகி நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்தார். மிச்சமிருந்ததை வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பெட்டியில் அடுக்கினார். மூடியில் அவர் கையாலேயே பெரிதாக '180' என்று எழுதியிருந்தது.

"வாத்தியாரே, நீங்க ஒண்ணும் பாக்கல."

"நான் என்னத்தைப் பாத்தேன்? எனக்கு எல்லாம் ஒரே தோட்டாதான்."

"அதுக்குத்தானே உங்களைக் கூட்டியாந்தேன்." கொஞ்ச தூரம் வந்தபின், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கேலி பண்ணா பண்ணிட்டுப் போறானுங்க. ஆனா கேலி முடிஞ்சதும் பாவம்னு பாப்பானுங்க. அப்புறம் அந்த நாக்காலியை இழுத்துப் போட்டுடுவானுங்க."

பருவத்தின் முதல் நாள், இன்னும் இருட்டு. நான் பேஸ்ட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஜில்டோ ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்த்தார். துப்பாக்கி இருந்தது, ராசித் தொப்பி இருந்தது, வேட்டைக்கத்தி இருந்தது. தோட்டாப் பெட்டி மட்டும் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் தலையில் இருந்தது. எல்டன் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. எல்டனுடைய துப்பாக்கி வேறு ரகம், அவர் தோட்டா உதவாது. கடைக்குப் போய் வருவதென்றால் காலை வேட்டை போச்சு.

"மச்சான், நம்ம ரெண்டு துப்பாக்கியும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. உன் பீரங்கிக் குண்டுல நாலு குடு. ஒருநாள் நானும் எருமை வேட்டைக்குப் போறேன்."

ஆர்மஸின் கை பெட்டிமேல் இருந்தது. முதல் நாள் காலையில் தோட்டா இல்லை என்று ஒரு கேம்பில் ஒருவன் மற்றவனிடம் சொல்ல முடியாது. அப்படி ஒரு வழக்கமே இல்லை.

"என்னடா, சொத்தை எழுதிக் குடுக்கிற மாதிரி யோசிக்கிற?"

நாலு தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தார். ஜில்டோ கையுறைக் கையால் வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொண்டார். உட்காரும் இடத்துக்குப் போய்த்தான் துப்பாக்கியில் தோட்டா ஏற்றுவார்கள், அதுவும் இருட்டில், தடவித்தான்.

"கிட்ட வந்தா மட்டும் சுடு" என்றார் ஆர்மஸ். "தூரத்துல வேணாம்."

"கேட்டீங்களாடா! நூத்தியெண்பது பேசுற பேச்சா இது? கவலைப்படாத மச்சான். உன் கனத்துக்கு ரெண்டு விரக்கடை மேல புடிச்சா சரியாப் போச்சு. எனக்குத் தெரியாதா?"

கதவு சாத்தியது. ஆர்மஸ் என்னைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே கட்டியிருந்த பூட்ஸ் நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஜில்டோ இருந்த திசையிலிருந்து ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. வெகுநேரம் கழித்து ஜில்டோ வந்தார். நின்றபடியே சொன்னார். வெட்டவெளியின் அந்தக் கோடியில் ஒரு கொம்பன் மான், தலையில் மரமே வைத்த மாதிரி, பக்கவாட்டில் அசையாமல் நின்றிருக்கிறது. "அந்த மாதிரி ஒண்ணை என் வாழ்க்கையில பாத்ததில்ல. தோளுக்குக் கொஞ்சம் மேலதான் புடிச்சேன். மூச்சை அடக்கித்தான் விட்டேன். உதைகூடத் தெரியல."

"கொம்பனைப் பாக்குறப்போ எவனுக்குடா உதை தெரியும்?" என்றார் எல்டன்.

ஆர்மஸ் சிரிக்கவில்லை. "மிச்சத் தோட்டாவைக் குடு" என்று இடது கையை நீட்டினார். ஜில்டோ எடுத்துக் கொடுத்த மூன்றும் பார்க்கப்படாமலே அவர் பைக்குள் போயின.

காயம்பட்ட மானைக் காட்டில் விட்டுவரக் கூடாது என்று மூன்று பேரும் தடம் பிடித்துப் போனார்கள். மான் நின்ற இடத்தில் பனிமேல் வயிற்றடி வெள்ளை முடி கொஞ்சம் கிடந்ததாம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மற்ற இருவரும் போதும் என்ற பிறகும் ஆர்மஸ் கையைச் சட்டைக்குள் மடக்கிக்கொண்டு, அது ஓடையைத் தாண்டிய இடம்வரை போய், மறுகரையில் தடம் சீராகப் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டே திரும்பினார். மான் பிழைத்தது. குண்டு அதன் வயிற்றுக்குக் கீழே போயிருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றியபோது யாரும் நூற்றைம்பது, நூற்றியெண்பது பேச்சை எடுக்கவில்லை. ஜில்டோ பேஸ்ட்டியைப் பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். எழுந்து போய் அடுப்போர நாற்காலியில் உட்கார்ந்தார். வேடிக்கைக்காக அல்ல. உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

எல்டன் கத்தரிக்கோலை எடுத்து வந்து இரண்டு தடவை சொடுக்கினார். "வாப்பா மகாராசா. சுவரு இத்தனை வருஷமாக் காத்திருக்கு." சொன்னவருக்கே அது சரியாக வரவில்லை.

"வெட்டுடா. வெட்டிட்டு இந்த நாக்காலியிலயும் என் பேரை எழுதிடு" என்றார் ஜில்டோ. "கண்ணு போச்சு. அவ்வளவு பெரிய உடம்பு, அசையாம நின்னுது. அதையே விட்டவன் இனிமே எதைச் சுடப்போறான்? அடுத்த வருஷம் துப்பாக்கி வேணாம். நான் அடுப்பைப் பாத்துக்கிறேன். வாத்தியாருக்கும் ஒத்தாசையா இருக்கும்."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி சொன்னார். ஆர்மஸைப் பார்த்தேன். இவ்வளவு காலம் அவர் எதற்குப் பயந்தாரோ அது வேறொருவர்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கேயே இருந்துவிடும்.

ஆர்மஸ் பையிலிருந்து மூன்று தோட்டாக்களையும் எடுத்து விளக்கடியில் மேசைமேல் நிறுத்தினார். அவற்றோடு, சாவிக்கொத்தில் எப்போதும் கோத்து வைத்திருக்கும் மழுங்கல் முனைக் குண்டையும் பக்கத்தில் வைத்தார். கூரும் மழுங்கலும் நன்றாகத் தெரிந்தன.

எல்டன் குனிந்தார். "என்னடா இது?"

"நூத்தி இருபத்தஞ்சு. மருந்தும் பாதிதான்."

"யாருது?"

"என்னுது. தோளு தாங்கல." பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டார், '180' கீழே போகும்படி. "கீழ போற குண்டைக் குடுத்து அனுப்பினேன். அவன் சரியாத்தான் சுட்டான். அவன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

விறகு ஒன்று அடுப்பில் சரிந்து விழுந்தது. ஜில்டோ நாற்காலியிலிருந்து கையை நீட்டி ஒரு தோட்டாவை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, காதோரம் வைத்து, தலையைச் சாய்த்து, மச்சான் ஆட்டுகிற மாதிரியே மெல்ல ஆட்டினார்.

"தூங்குது" என்றார்.

ஆர்மஸ் எழுந்து எல்டனுக்கு முதுகைக் காட்டி நின்றார். கால்சட்டைக்குள் இறுக்கிச் செருகியிருந்த சட்டை வாலை இழுக்க வலது கையைப் பின்னால் கொண்டுபோனார். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். அப்போதுதான் ஜில்டோ நாற்காலியை விட்டு எழுந்தார். பின்னால் வந்து நின்று, மச்சானின் சட்டை வாலை வெளியே உருவி, "ஆடாம நில்லு" என்று சொல்லி, கத்தரிக்கு வாகாக இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.